ஒரே மாதிரி பதினெட்டு ஆந்தைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கான ஓவிய, கைவினை வகுப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய வகுப்புகள் பெருகுவது நல்லதே என்ற அதன் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வகுப்பு நடப்பது வேறு, அதில் பிள்ளை எதையேனும் கற்பது வேறு. கட்டுரை அந்த வேறுபாட்டைத் தொடாமல் விட்டதால், 26 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விடுமுறை வகுப்பு ஒன்றின் நிறைவு நாளில் என் பேத்தியின் கைவேலையைப் பார்க்கப் போயிருந்தேன். நீண்ட மேசையின் மேல் காகிதத் தட்டுகளால் செய்த 18 ஆந்தைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு நிற மூக்கு, பழுப்பு நிறச் சிறகு, ஒரே அளவில் வெட்டிய கண்கள். அந்தக் கண்கள்கூட ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பெயர்ச் சீட்டை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களாலேயே சொல்ல முடியாது. "கண்ணை எப்படிம்மா இவ்வளவு வட்டமா வெட்டினே?" என்று கேட்டேன். "மிஸ் வெட்டி வெச்சிருந்தாங்க தாத்தா, நான் ஒட்டினேன்" என்றாள். புறப்படும்போது குப்பைக்கூடையில் கிடந்த ஒரு தட்டு கண்ணில் பட்டது. யாரோ ஒரு பிள்ளை ஆந்தைக்கு நாடா கட்டிய காலணி வரைந்து, அது சரியில்லை என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அன்று அந்த அறையில் ஒரு பிள்ளை தானாக யோசித்ததற்கு நான் கண்ட தடயம் அது ஒன்றுதான்.

இதற்கு வகுப்பு நடத்துபவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஒவ்வொரு நாளும் பிள்ளை வீட்டுக்கு ஒரு முடிந்த பொருளைக் கொண்டுவர வேண்டும், அது அலமாரியில் வைக்கும்படி இருக்க வேண்டும், கைப்பேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பும்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் பெற்றோராகிய நாம்தான். ஒரு மணி நேரத்துக்குள் 18 பிள்ளைகளிடமிருந்தும் அப்படியொரு பொருளை வாங்க வேண்டுமென்றால், எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டிவைப்பதைத் தவிர அந்த ஆசிரியைக்கு வேறு வழி ஏது?

அப்படியானால் தாளையும் வண்ணத்தையும் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இது புதிய கேள்வியல்ல. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் 1897இல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கி, பெரியவர்களின் ஓவியத்தைப் பார்த்து வரையவைக்கும் அக்காலப் பழக்கத்தைக் கைவிட்டார். பிள்ளைகளின் படைப்புக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆயினும் அவருடைய மாணவர்களின் படங்களும் ஒன்றையொன்று ஒத்த சாயலில் இருப்பதைப் பின்னாளில் வந்த விமர்சகர்கள் சுட்டிக்காட்டியதுண்டு. ஆசிரியர் வாயைத் திறக்காவிட்டாலும் அவர் எதைப் பார்த்து முகம் மலர்கிறார் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆகவே, ஆசிரியர் கற்பிக்கலாமா கூடாதா என்பதல்ல, எதைக் கற்பிப்பது, எதில் கை வைக்காமல் இருப்பது என்பதே கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

களிமண்ணை எடுத்துக்கொள்வோம். யானை செய்யும் பிள்ளை நான்கு கால்களை உருட்டி, உடலோடு சும்மா அழுத்தி ஒட்டிவிடும். மறுநாள் காய்ந்ததும் நான்கும் தனித்தனியே விழுந்துகிடக்கும். சேர்க்கவேண்டிய இரண்டு பரப்புகளையும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, நீரில் கரைத்த களிமண் குழம்பைத் தடவி, அதன்பின் அழுத்தினால்தான் மண்ணோடு மண் பிடிக்கும். தடித்த உடலும் மெல்லிய வாலும் ஒரே வேகத்தில் காயாது என்பதால் துணி போர்த்தி மெதுவாக உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போதே சூளையில் வைத்தால் நீராவி வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். இவற்றையெல்லாம் ஆசிரியர் சொல்லித்தான் தர வேண்டும், ஏனெனில் இவை மண்ணின் இயல்பு. பிள்ளையின் கற்பனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யானையின் துதிக்கை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதைச் சொல்லித் தரத்தான் அவருக்கு உரிமையில்லை.

சில சமயம் அந்த இயல்பைக்கூட முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது நல்லது. லினோ எனப்படும் மென்மையான தகட்டைச் செதுக்கி அச்செடுக்கும் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அலைகளைச் செதுக்கி, அவற்றின் மேல் 'கடல்' என்ற சொல்லையும் பொறுமையாகச் செதுக்கினான். உளியைப் பிடிக்காத கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவனுக்கு இரண்டு முறை சொன்னேன், அதில் சமரசம் கிடையாது. எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றும் புரண்டு, சொல்லும் வலமிருந்து இடமாக வந்திருந்தது. முகம் சுருங்கிப்போய்த் தாளைக் கசக்கப் போனவன், என்ன தோன்றியதோ, அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்புறமாகப் பார்த்தான். அங்கே சொல் நேராகத் தெரிந்தது. மறுவாரம் மெல்லிய தாளில் எழுதி, அதைத் திருப்பி வைத்துத் தகட்டில் படியெடுத்துக்கொண்டு வந்து நின்றான். நான் கரும்பலகையில் விளக்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அது என் கண்டுபிடிப்பாக இருந்திருக்கும், அவனுடையதாக இருந்திருக்காது.

வண்ணத்திலும் இதே கதைதான். பச்சை டியூப் பெட்டியில் இருக்கும்வரை எல்லா இலைகளும் ஒரே பச்சையாகத்தான் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் மேசையில் வைத்து, உதிர்ந்த இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டால், பளிச்சென்ற பச்சையில் ஒரு துளி சிவப்பு சேர்ந்ததும் அது அடங்கி உண்மையான இலைப் பச்சையாக மாறுவதை அவர்களே பார்க்கிறார்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளையே, அதை முதலிலேயே விட்டுவைக்காவிட்டால் பின்னர் திரும்பப் பெறுவது கடினம் என்பதையும் இரண்டு தாள்களைப் பாழாக்கித்தான் கற்கிறார்கள். தாளைப் பாழாக்க இடம் தராத வகுப்பில் இது நடக்காது.

இங்கே வயதைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துக் காட்டிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறத்தாழ 9 முதல் 11 வயதுக்குள் அவர்களுக்கு 'உள்ளது உள்ளபடி' வரைய வேண்டும் என்ற ஆசை தலைகாட்டுவதைக் குறிப்பிட்டார். அதுவரை மேசையின் நான்கு கால்களையும் நான்கு திசைகளில் விரித்து மகிழ்ச்சியாக வரைந்த பிள்ளை, திடீரென்று ரப்பரைக் கையில் எடுத்து, தாள் கிழியும்வரை அழித்து, "எனக்கு வரைய வராது" என்று தள்ளிவைப்பது இந்த வயதில்தான். பலர் அதன்பின் வாழ்நாளில் பென்சிலைத் தொடுவதேயில்லை. இந்தப் பிள்ளைக்கு "நன்றாகத்தானே இருக்கிறது" என்ற ஆறுதல் உதவாது, அது பொய் என்று அதற்குத் தெரியும். நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு நடுவே தெரியும் இடைவெளிகளின் வடிவத்தை மட்டும் வரை என்று சொல்லிப் பாருங்கள். இடைவெளிக்குப் பெயர் கிடையாது, மனத்தில் அதற்கு ஆயத்தமான படமும் கிடையாது. அதனால் கண் உண்மையாகவே பார்க்கத் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் தாளில் நாற்காலி தானாக நிற்கும். ஆந்தைக்குக் கண் ஒட்டும் வகுப்பு, இந்த வயதுப் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய உதவியைச் செய்யாமல் விட்டுவிடுகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

சிறிய செய்தி என்றாலும் சொல்லிவிடுகிறேன்: இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலக்கைக் கத்தரிக்கோலைக் கொடுத்தால், வெட்டும் கோட்டை மேல் அலகு மறைத்துவிடும், தாளும் அலகுகளுக்கிடையே மடங்கிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்குக் 'கைவேலை வராது' என்று முத்திரை குத்துவதற்கு முன் கத்தரிக்கோலை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்.

கைவேலை படிப்பின் நேரத்தைத் தின்றுவிடும் என்று அஞ்சுவோரும் இருக்கிறார்கள். பின்லாந்து 1866ஆம் ஆண்டிலேயே, உனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால், கைவேலையைப் பொதுப்பள்ளியின் பாடமாக்கியது. எல்லோரையும் தச்சர்களாக்க வேண்டும் என்பது அவர் நோக்கமல்ல. கையும் கண்ணும் பழகுவது பொதுக்கல்வியின் ஒரு பகுதி என்றே அவர் கருதினார். இதற்கு மேல் அந்த அச்சத்துக்கு மறுமொழி தேவையில்லை.

பெற்றோரிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பில் சேர்க்கும் முன், முடிந்த பொருள்களின் படங்களைக் காட்டுவார்கள். அவற்றோடு, பாதியில் நிற்பவற்றையும் உடைந்தவற்றையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வேலையை இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து செய்ய அனுமதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்பும் நாளில், "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்பதோடு நிறுத்தாமல் "எது சரியா வரலே?" என்றும் கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறுவர் பகுதியில் கோடுகளால் வரைந்த படத்தை அச்சிட்டு, 'வண்ணம் தீட்டுக' என்று போடுவது வழக்கமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு வாரமாவது அந்த இடத்தை வெறுமையாக விட்டு, 'உங்கள் ஜன்னலில் தெரிவதை வரைக' என்று ஒரே ஒரு வரி மட்டும் அச்சிட்டுப் பார்க்கலாம். வரும் படங்களில் அழகானவற்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல், அழித்து அழித்து வரைந்த ஒன்றையும் வெளியிட்டால், இதை எழுதிய எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்