எர்த் வயரைப் பார், தாயி

அன்புள்ள தாயிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா முழங்கால் அப்படியேதான். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை படகு மண்டபத்துக் கரையில் கிடக்கும். தொண்டியிலிருந்து வந்துபோனவர்களைப் பற்றி எழுதச் சொன்னாள் அம்மா. நான் எழுதவில்லை.

"வண்டி செல்ஃப் எடுக்கலப்பா" என்று ராத்திரி 11.40-க்கு அனுப்பினாய். அதோடு சரி. பதினெட்டு நாள் ஆச்சு. அந்த நேரத்தில் எந்த ரோட்டில் நின்றாய் என்று நான் கேட்கவில்லை. போனை எடுத்தால் வாயாலேயே சொல்லியிருப்பேன்.

முதலில் எர்த் வயரைப் பார். பேட்டரியின் கறுப்பு வயரைச் சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் இடம். நாலு வருஷம் தேவிபட்டினத்துக் காற்றைக் குடித்த வண்டி, கோயம்புத்தூர் போனாலும் உப்பு உள்ளேதான் இருக்கும். மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் வயர் முனையில் பச்சைக் களிம்பு, அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவு. பேட்டரியில் கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். மறந்துவிடாதே.

செல்ஃபை அமுக்கும்போது காதைக் கொடு. டிக்டிக்டிக் என்று ரிலே அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் நான் சொன்ன அந்த எர்த் வயர். ஹாரன் நன்றாக அடிக்கிறது, செல்ஃபில் மட்டும் சத்தமே இல்லை என்றால் கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், என்ஜினை நிறுத்தும் சிவப்புக் கில் சுவிட்ச் மூன்றையும் பார். சிரிக்காதே. கில் சுவிட்சைப் பார்க்காமல் உப்பூரிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தவர் உன் சித்தப்பா.

வோல்ட் மீட்டர் கிடைத்தால், நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃபை அமுக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 14 பக்கம் வரவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. கிக்கர் இல்லாத வண்டி வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டது? ஆனாலும் இங்கே டீக்கடையில் "என் மகள் தனியாகவே கோயம்புத்தூர் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள்" என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நியூட்ரல் விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை, வண்டி அப்படியே செத்துக் கிடக்கிறது என்றால் மெயின் ஃபியூஸ். அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மதுரை இன்டர்வியூவுக்குக் கிளம்பிய விடியற்காலையில் அப்படித்தானே இருந்தது. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பேட்டரி வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தாய். உப்புக்காத்துல பேட்டரி போயிருச்சு, விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றேன்.

ஃபியூஸ் என் சட்டைப் பையில் இருந்தது தாயி.

நீ விடவில்லை. மீன் வண்டியை மறித்து ஏறி ராமநாதபுரம் போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். வேலையும் வாங்கிவிட்டாய். அடுத்த வாரம் உன் காசு 1,400 ரூபாய் போட்டுப் புது பேட்டரி வாங்கி வந்தாய், அதை மாட்டுகிற சாக்கில்தான் ஃபியூஸைத் திரும்பச் சொருகினேன். பழைய பேட்டரி இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. கரண்ட் போனால் அடுப்படியில் அதில்தான் பல்பு எரிகிறது. ஒரு குறையும் இல்லை அதற்கு. அது எரியும்போதெல்லாம் அம்மா, "பாருங்க, செத்த பேட்டரி" என்பாள். அவளுக்கும் தெரியாது.

1,400 ரூபாயை அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே.

ஹாரன் அடிக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல். எத்தனை மணியானாலும் பரவாயில்லை, முழித்துத்தான் இருப்பேன். முதலில் எர்த் வயர்.

அப்பா