மலை இறங்கி வந்த மகளுக்கு

குலசேகரம்
அக்டோபர் 6

மக்களே,

போட்டோ எல்லாம் கிடைச்சுது. மொத்தம் 43. ஒவ்வொண்ணையும் பெருசாக்கிப் பார்த்தேன். உனக்க அம்மை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தா. அந்தப் பெரிய பல்லுக்கார டைனோசருக்குக் கீழ சின்னவன் நிக்கிற படத்தை மேலவீட்டுச் சித்தி கேட்டு வாங்கி வெச்சிருக்கா.

அதுக்குப் பிறகு ஆறு வாரம் ஆச்சு. போன் பண்ணினா சின்னவன் கையில கொடுத்துட்டு நீ மாறிப் போயிடுத. வேலை இருக்கும், தெரியும். அம்மை பக்கத்துல நிக்கும்போது எனக்கும் பேச வராது. அதனாலதான் எழுதுதேன்.

சித்திக்க மகன் மேப்புல விரலை வெச்சு உனக்க வழியைக் காட்டித் தந்தான். கனடாவுல உங்க சர்ரேயில ஏறி ஹோப், கம்லூப்ஸ், ரெவல்ஸ்டோக், ரோஜர்ஸ் கணவாய், கோல்டன், பான்ஃப், கால்கரி, கடைசியில அந்த டைனோசர் மியூசியம் இருக்கிற டிரம்ஹெல்லர். ஒரு வழிக்கே 1,000 கிலோமீட்டருக்கு மேல. இங்கேருந்து மெட்ராஸ் 700 தான், அதுவும் ஆரல்வாய்மொழி தாண்டினா நிரந்த ரோடு. உனக்கு கால்கரி பக்கம் வரும்வரை மலைக்கு மேல மலை. ரோஜர்ஸ் கணவாய் 1,330 மீட்டர் உயரம். 1962-லதான் அந்த ரோட்டையே திறந்திருக்காங்க. குளிர்காலத்துல பனி தானா சரிஞ்சு விழும் முன்னே, ராணுவத்துக்காரங்க பீரங்கியால சுட்டு அதை இறக்கி விடுவாங்களாம். அப்படிப்பட்ட இடம்.

31 வருஷம் அரசு பஸ் ஓட்டினேன். அதுல 11 வருஷம் கோதையாறு வழி. பேச்சிப்பாறை தாண்டினதுக்கு அப்புறம் மழையில அந்த ரோடு எப்படிக் கிடக்கும்னு உனக்குத் தெரியும், முன் சீட்டுல உட்கார்ந்து எத்தனை தடவை வந்திருக்கே. ஏறின கியர்லயே இறங்கணும். ஆட்டோமேட்டிக் வண்டின்னாலும் கியரைத் தாழ்த்தி வைக்க வழி உண்டு. இறக்கம் முழுக்கப் பிரேக்கைச் சவிட்டிக்கிட்டே போனா சூடேறி, வேணுங்கிற நேரத்துல பிடிக்காது. அக்டோபர் 1 தொடங்கினா அந்த மலை ரோடுகள்ல குளிர்கால டயர் இல்லாம போகக் கூடாதுன்னு உங்க மாகாணத்துல சட்டம் இருக்கு. மாத்தியாச்சா? யாரு மாத்தித் தந்தது?

இங்க ரப்பர் பால்வெட்டு நடக்குது. துலா மழை தொடங்கினா நிக்கும். தெக்கேவிளையில ரெண்டு தெங்கு பட்டுப் போச்சு. வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

சின்னவன் குரல்ல அனுப்பினதை எல்லாம் நான் அழிக்கல. ராத்திரி போட்டுக் கேப்பேன். டிரல்னு ஒருத்தர் 1884-ல நிலக்கரி தேடி அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவரு, கரிக்குப் பதில் ஒரு மண்டையோட்டைக் கண்டாரு, அப்ப அவருக்கு 25 வயசு, அந்த மிருகம்தான் அல்பெர்ட்டோசாரஸ், அவரு பேர்லதான் 1985-ல அந்த மியூசியத்தைத் திறந்தாங்கன்னு மூச்சு விடாம சொல்லுதான். ஆறு வயசுல இப்படிச் சொல்ல நம்ம குடும்பத்துல யாரும் இருந்ததில்ல. நீ சொல்லிக் கொடுத்திருக்கே. கொள்ளாம் மக்களே. நம்ம அரியலூர் பக்கம் கல்லமேட்டுலயும் பெரிய எலும்பு கிடைச்சுது, 1987-ல அதுக்குப் பேரும் வெச்சாங்க, ஆனா எலும்பு பொடிஞ்சு போச்சுன்னு அவன்கிட்டச் சொன்னேன். "ஏன் தாத்தா பத்திரமா வைக்கல?"ன்னு கேட்டான். பதில் சொல்லத் தெரியல.

ஒரு காரியம் சொல்லுதேன், தப்பா எடுக்காதே. ரோஜர்ஸ் கணவாயில காரைத் திறந்து வெச்சுச் சின்னவனை நிறுத்தி ஒரு படம் எடுத்திருக்கே. அதுல டிரைவர் சீட் தெரியுது. ஸ்டியரிங்கை ஒட்டி முன்னுக்கு இழுத்துக் கிடக்கு. மாப்பிள்ளை ஆறடிக்காரரு, அந்தச் சீட்டுல அவருக்குக் காலை மடக்கவே இடம் பத்தாது. 43 படத்துலயும் அவரு இல்ல. படம் எடுத்தது அவருதான்னு அம்மைகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். அவ நம்பிட்டா.

நீ ஒத்தைக்கா ஓட்டினே? அந்த மலையை, பின் சீட்டுல பிள்ளையை வெச்சுக்கிட்டு, போக வர? தம்பிக்குப் பதினெட்டு முடிஞ்ச உடனே கார் பழக்கினேன். நீ கேட்டப்ப உனக்கு எதுக்குன்னு சொல்லிட்டேன். அங்க போய் நீயே பழகியிருக்கே. பெருமையா இருக்கு. ஆனா அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? ராத்திரி ஓட்டாதே. தூக்கம் வந்தா ஓரமா நிறுத்து. ஏறின கியர்லயே இறங்கு.

நீ அனுப்பினதுல ஒரு படத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கேன். கவசத்தோட, தோலோட, உறங்குத மாதிரி கிடக்குதே, அது. 2011-ல எண்ணெய் மணல் சுரங்கத்துல மண்வெட்டி எந்திரம் ஓட்டின ஒருத்தர்தான் அதை முதல்ல கண்டாராம். கல்லுல நிறம் வேற மாதிரி இருக்கு, உருண்டை உருண்டையா என்னமோ தெரியுதுன்னு வேலையை நிறுத்தினாரு. நிறுத்தாம வாரியிருந்தா 11 கோடி வருஷம் அப்படியே கிடந்தது அன்னைக்கே தூளாயிருக்கும். பிறகு மார்க் மிட்செல்னு ஒருத்தர் 7,000 மணி நேரம் உட்கார்ந்து சுத்தியிருந்த கல்லை இத்துணூண்டு இத்துணூண்டா எடுத்திருக்காரு. அந்த மிருகத்துக்கு அவரு பேரையே வெச்சாங்களாம்.

எனக்கு அந்த எந்திரக்காரர்தான் மனசுல நிக்காரு. நானும் வண்டி ஓட்டினவன்தானே. நான் நிறுத்தல மக்களே.

ரெண்டு வருஷம் முன்னே உன்னை ஏர்போர்ட்ல விடப் போனோம். விடியக்காலம் மூணு மணி. சின்னவன் உனக்க மடியில உறங்கிட்டான். நெய்யாற்றின்கரை தாண்டினப்ப, "அப்பா, ஒண்ணு சொல்லணும்"னு தொடங்கினே. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். கேக்காம இல்ல. கேட்டுச்சு. உனக்க குரலு எப்படி இருந்ததுன்னு இப்பவும் காதுல இருக்கு. பாலராமபுரம் வந்த பிறகு, "பாஸ்போர்ட்டை எடுத்தியா?"ன்னு கேட்டேன். நீ எடுத்தேன்னு சொன்னே. அதோட முடிஞ்சுது.

அந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடிச்சது நான். ஊர் முழுக்கப் பெருமை பேசினது நான். நீ சொல்லிட்டா நான் ஒரு முடிவு எடுக்க வேண்டி வருமேன்னு பயந்தேன். அந்த வாரம் முழுக்க நீ சரியா சோறு தின்னல, அதையும் பார்த்தேன். மழை, மாவுன்னு வேற பேச்சுப் பேசினேன். 31 வருஷம் ஒரு ஆளுக்கும் அடிபடாம ஓட்டினேன்னு எனக்குப் பாராட்டு வாங்கித் தந்தாங்க. அந்த ராத்திரி நான் ஓட்டினது சரியில்ல.

நீ இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்லணும்னு தோணும்போது அந்த நேரம் இங்க எத்தனை மணின்னு பார்க்காதே. போனை அம்மை கையில கொடுக்க மாட்டேன். தெற்கு முறியில வெச்சிருந்த ரப்பர் ஷீட்டை எல்லாம் மாத்தி வெள்ளையடிச்சாச்சு, கட்டில் போட்டாச்சு. அம்மைகிட்ட மழைக்கு முன்னே அடிக்கேன்னு சொன்னேன். சின்னவனுக்கு இங்க நல்ல பள்ளிக்கூடம் உண்டு. நீ அங்கேயே இருக்கணும்னு நினைச்சாலும் சரி. எனக்க பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கேன். வந்து ரெண்டு மாசம் இருந்து பிள்ளையைப் பார்த்துக்க எனக்கு முடியும். சோறு வைக்கவும் தெரியும்.

திருவனந்தபுரத்துல எந்தப் பாதிராத்திரி வந்து இறங்கினாலும் நான் வண்டி எடுத்துட்டு வருவேன். கார்ல இருந்த ரேடியோவைக் கழத்தியாச்சு.

டயர் மாத்தியாச்சான்னு மட்டும் இன்னைக்கே எழுது. சின்னவனுக்கு இருமல் இருக்குன்னு குரல்ல தெரிஞ்சுது, குளிர்ல தலையை மூடி விடு.

அப்பா