பாமினியில் அடித்தால்தான் கதையா?

மதிப்பிற்குரிய மாணவர் கதைப் போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். என் டியூஷன் பிள்ளையின் கதையை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்கிறதாம், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் மாட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்ப வேண்டுமாம்.

அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். வீட்டில் இருப்பது யாரோ கொடுத்த பழைய மடிக்கணினி. காசு கட்டி மென்பொருள் வாங்க வழியில்லாததால் லிப்ரே ஆபிஸ் போட்டுக் கொடுத்தேன். இலவசம், தமிழும் ஒழுங்காக வருகிறது. நீங்கள் கேட்ட வேர்ட் கோப்பாகவே சேமித்துத்தான் அனுப்பினாள்.

உங்கள் பதிலைப் பார்த்ததும் என்னிடம்கூடச் சொல்லாமல் மறுபடி அடிக்க உட்கார்ந்துவிட்டாள். 'அஞ்சல்' என்ற விசைமுறையில், தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய விரல்கள். பாமினியில் 'த' இருப்பது ஜே (J) விசையில், 'ழ' இருப்பது ஓ (O) விசையில். 'கெ', 'கே' போன்றவற்றின் கொம்பை எழுத்துக்கு முன்னாலேயே தட்ட வேண்டும். தேடித் தேடி அடித்து முடித்தாள். அச்சுப்படியும் கேட்டிருந்தீர்களே, அப்பா வேலை முடிந்து தெலுக் இந்தான் பட்டணத்து அச்சுக் கடைக்கு மோட்டாரில் கொண்டுபோனார். கடைக் கணினியில் பாமினி இல்லை. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நின்றது. "இது என்ன பாஸ்வர்டா?" என்று கேட்டாராம் கடைக்காரர்.

யூனிகோடில் வரும் கதைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். அச்சகத்துக்குப் பாமினிதான் வேண்டுமென்றால், மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. அந்த வேலையை அச்சகம் செய்யட்டும். பள்ளிப் பிள்ளை தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டது. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியது இதே மலேசியாவில். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. பரிசளிப்பு மேடையில் ஒய்.பி.க்கு (நம் மக்கள் பிரதிநிதிக்கு) மாலை போட்டு, 'கணினித் தமிழ்' என்று அரை மணி நேரம் பேசவும் நமக்கு ஆள் இருக்கிறது. பேச்சு முடிந்ததும் நன்றிச் செய்தி வாட்ஸ்அப்பில் போகும், யூனிகோடில்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் வரும் கதைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு விதிமுறையில் அதை ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். இந்த ஆண்டுக்கு, அவள் முதலில் அனுப்பிய கோப்பையே நடுவர்களிடம் கொடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கதை நன்றாக இல்லையென்றால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புற டியூஷன் ஆசிரியர்