‘ஹார்ட்’ வேறு, ‘ஹார்ட்லி’ வேறு: ஆங்கிலப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினான். பாலிடெக்னிக் முடித்தவன். அழகான கையெழுத்து. கடைசி வரி இப்படி இருந்தது: ‘ஐ வில் ஒர்க் ஹார்ட்லி.’ கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல வந்திருக்கிறான். ஆனால் ஹார்ட்லி என்றால் ‘இல்லை என்கிற அளவுக்குக் கொஞ்சம்’. ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்றால் நான் வேலையே செய்வதில்லை என்றுதான் ஆகும். சொன்னதும் அவன் முகம் வாடிப்போனது. “வினையைப் பத்திச் சொன்னா எல்ஒய் சேர்க்கணும்னுதானே அக்கா படிச்சோம்?” என்று கேட்டான்.

அவன் விதியை மீறவில்லை, விதிப்படிதான் எழுதினான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தமிழில் ‘ஆக’ நம்மைக் கைவிடுவதே இல்லை. வேகம் வேகமாக ஆகும், கடுமை கடுமையாக ஆகும். அதே நம்பிக்கையில் பிள்ளைகள் ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு சொல் இன்றைய ஆங்கிலத்தில் வழக்கில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களின் வினையடை வடிவம் ஓர் உயிரொலியில் முடிந்தது. அந்த ஒலி காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. அதனால் ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டும் பெயருக்கும் வினைக்கும் ஒரே உருவில் நின்றுவிட்டன. எல்ஒய் சேர்ந்த வடிவம் இருந்தாலும் அதன் பொருள் வேறு பக்கம் போய்விட்டது. ‘லேட்’ என்றால் தாமதமாக, ‘லேட்லி’ என்றால் சமீப காலமாக. இந்த வரலாற்றை நாலு வரியில் சொன்னாலே பிள்ளைகளுக்கு மறக்காது.

அப்புறம், எந்த வினைக்கு எந்த அடை என்பது. அயர்ந்து தூங்குகிறோம், உற்றுப் பார்க்கிறோம், தேம்பி அழுகிறோம். யாரும் அயர்ந்து அழுவதில்லை. இதை நாம் மனப்பாடம் செய்யவில்லை, சேர்த்தே கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். மழை ‘ஹெவிலி’ பெய்யும், காற்று ‘ஸ்ட்ராங்லி’ வீசும். பரிந்துரைக்க ‘ஸ்ட்ராங்லி’ பொருந்தும், மன்னிப்புக் கேட்கப் பொருந்தாது, அதற்கு ‘சின்சியர்லி’ வேண்டும். வருந்துவதற்கு ‘டீப்லி’. அடியோடு மறுப்பதற்கு ‘ஃப்ளாட்லி’. ஹரால்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர் டோக்கியோவில் இருந்துகொண்டு, ஜப்பானிய மாணவர்களை மனதில் வைத்து, 1933இலேயே இப்படிச் சேர்ந்துவரும் சொற்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டார். நம் பிள்ளைகள் இன்னும் ‘எல்ஒய் சேர்த்து எழுதுக’ என்ற பயிற்சியோடுதான் நிற்கிறார்கள்.

ஒரு வினைச்சொல்லைப் பாடத்தில் முதன்முதலாகத் தரும்போதே அதன் துணையையும் சேர்த்து அச்சிடுங்கள். ‘அப்பாலஜைஸ்’ வரும் பக்கத்திலேயே ‘சின்சியர்லி’யும் இருக்கட்டும். கடிதம், விண்ணப்பம் எழுதும் பாடங்களில் இதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். எல்ஒய் சேராத சொற்களுக்கு எட்டாம் வகுப்புக்குள் ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் ஹார்ட், ஃபாஸ்ட், லேட் மூன்றையும் முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஒருத்தி