ஓடைப் பாலத்துக்கு ஒரு தேதி சொல்லுங்கள்

சாலைப் பணிக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் நாலு கறவை வைத்துப் பிழைப்பவன் நான். எந்த ரோடு என்று விளக்க வேண்டியதில்லை. என் மனு மூன்று உங்களிடம் இருக்கிறது.

போன திங்கட்கிழமை பால் சங்கத்தில் கேன் மூடியைத் திறந்தால், பாலின் மேல் கடுகு கடுகாக வெண்ணெய் மிதக்கிறது. ஓடைப் பாலத்தை இடித்துவிட்டுப் பக்கத்தில் ஜல்லியைக் கொட்டி வழி விட்டிருக்கிறீர்களே, அதன்மேல் முக்கால் கேன் பாலை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு போனதில் வந்த வெண்ணெய். 4.2 காட்டுகிற கொழுப்பு அன்றைக்கு 3.3. கொழுப்புக்குத்தானே காசு! வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே ரோடு உடைந்ததால் வெண்ணெய் திரள்கிறது. மழை பெய்தால் அந்த வழியும் முழுகிப்போகும். பாலோடு தமிழ்நாட்டுக்குள் போய்ச் சுற்றி வரவேண்டும்.

பாலம் எப்போது முடியும்? தேதி சொல்லுங்கள்.

கேட்டால் "ஃபண்ட் வரணும்" என்கிறார் ஓவர்சியர். ரோடு, பாலங்களுக்குப் பணம் திரட்டும் கேரள அரசு அமைப்பான கிஃப்பி 2019-இல் மசாலா பாண்டு, அதாவது வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கிற கடன்பத்திரம், விட்டு 2,150 கோடி திரட்டியதும், அன்றைக்கு முதல்வராக இருந்த பினராயி விஜயன் லண்டன் பங்குச் சந்தையில் மணி அடித்ததும் டிவியில் பார்த்தோம். எனக்கும் சந்தோஷம்தான். வட்டி 9.723 சதவீதம், 5 வருடக் கெடு; அது 2024-இல் முடிந்தும் போனது. மகளை விட்டுக் கணக்குப் போடச் சொன்னேன்: நாளொன்றுக்குச் சுமார் 57 லட்சம் வட்டி போயிருக்கிறது. கிஃப்பிக்கென்று பெட்ரோல் லிட்டருக்கு ஒரு ரூபாய் செஸ் என்கிற கூடுதல் வரி வேறு. பெட்ரோல் விலை குறைவென்று எங்கள் ஆட்கள் பாதிப்பேர் எல்லை தாண்டித்தான் டேங்க் நிரப்புகிறார்கள். அந்த ஒரு ரூபாய் போனதற்கும் இந்த ரோடுதான் தண்டனையோ என்னவோ!

கடன் வாங்குவதைக் குறை சொல்லவில்லை. நானும் லோன் போட்டு மாடு வாங்கியவன். ஆனால் என் மாடு தொழுவத்தில் நிற்கிறது. பேங்க்காரர் வந்து காதில் கம்மல்போல் மாட்டிய நம்பரைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார். உங்கள் பாலத்துக்கு அப்படி ஒரு நம்பர் உண்டா? பாண்டுப் பணமா, பட்ஜெட் பணமா, பஞ்சாயத்துப் பணமா என்று யாருக்கும் தெரியவில்லை. கான்ட்ராக்டர் விட்டுப்போன மிக்ஸர் மட்டும் நிற்கிறது. அதற்குள் கோழி முட்டையிடுகிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. அந்த இடத்தில் ஒரு பலகை வையுங்கள். எந்தப் பணம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி போதும். மலையாளத்தோடு தமிழிலும் எழுதுங்கள்.

பதிலையும் தயவுசெய்து தமிழிலேயே அனுப்புங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே எங்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அதற்கு ஃபண்ட் எதுவும் வரவேண்டியதில்லை.

இப்படிக்கு,
பால் ஊற்றும் ஒருவன்