ஆச்சி அடித்த ஒட்டடை

காரைக்குடி
ஞாயிறு காலை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இன்றைக்கு வீட்டில் எல்லோரும் பிள்ளையார்பட்டிக்குப் போயிருக்கிறார்கள். வளவு முற்றத்தில் நானும் புறாக்களும் மட்டும். அதனால் நிதானமாக எழுதுகிறேன். பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா? அதை முதலில் எழுது.

உனக்குச் சொல்ல ஒரு சேதி காத்திருக்கிறது. கானாடுகாத்தானில் என் பெரியம்மா மகள் இருக்கிறார்களே, அந்த ஆச்சி வீட்டில் போன மாதம் சினிமாப் படப்பிடிப்பு. நாலு நாள் வாடகை பேசியிருந்தார்கள். பேய்ப்படமாம். முதல் நாள் ராத்திரி ஒரு பையன் வந்து கையடக்கமான மிஷினில் பசை மாதிரி எதையோ ஊற்றிச் சுழற்றினான். அதிலிருந்து நூல் நூலாகப் பறந்து தூணுக்குத் தூண் ஒட்டடை படிந்தது. தேக்குத் தூணிலிருந்து நிலைக்கதவு லட்சுமி வரை ஒரு இடம் விடவில்லை. விடியற்காலை நாலு மணி வரை வேலை பார்த்துவிட்டு லாட்ஜுக்குத் தூங்கப் போய்விட்டார்கள்.

ஆச்சி ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்க வந்தவர், விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். "அடி ஆத்தி, ஒரே ராத்திரியில இம்புட்டு ஒட்டடையா! வெளியூர்க்காரவுக வர்ற நேரத்துல வீடு இப்படிக் கிடந்தா என்ன நினைப்பாக?" என்று பதறிப்போய், ஒட்டடைக் கம்பை எடுத்து, வேலைக்கு வரும் பெண்ணையும் கூப்பிட்டு, எட்டு மணிக்குள் வளவு முழுக்க அடித்துவிட்டார். அதோடு விடவில்லை. ஆத்தங்குடிக் கல் தரையைத் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து, முகப்பில் கோலமும் போட்டாயிற்று. ஒன்பது மணிக்கு டைரக்டர் உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாராம். ஆச்சி அவரிடம் வெள்ளைப் பணியாரத் தட்டை நீட்டி, "தம்பி, இப்ப எடுங்க, வீடு பளிச்சுன்னு இருக்கு" என்றாராம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து ஏழாவது பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஆனால் ஆச்சிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. மறுபடி ஒட்டடை போட்டுத்தானே எடுத்தார்கள்? "அது அவுக ஒட்டடை, நம்ம ஒட்டடை இல்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. நம் வீடுகள் படத்தில் வந்தால் ஒன்று பண்ணையார் இருப்பார், இல்லையென்றால் பேய் இருக்கும். முட்டைப் பூச்சுச் சுவரில் சாய்ந்து ஒருத்தர் பேப்பர் படிக்கிற மாதிரி, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் நாலு பேர் தேன்குழல் பிழிகிற மாதிரி யாராவது எடுக்கக்கூடாதா? இத்தனைக்கும் சினிமா நம் ஊர்ச் சரக்கு. ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியவர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்ததுதான். அப்புறம்தான் வடபழனிக்குப் போனார்கள். உன் அப்பச்சி அந்தக் கொட்டகையை எட்டிப் பார்க்கப் போய் அடி வாங்கிய கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

நீ கேட்ட படங்களுக்கு வருகிறேன். 'லப்பர் பந்து' பார்த்தே ஆகவேண்டும். மாப்பிள்ளையாகப் போகிறவனோடு கிரிக்கெட்டில் மோதுகிற கெத்து என்பவர் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் பாட்டுப் போடுகிறார்களே, தியேட்டரே எழுந்து நின்றது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்திருந்தார்கள். இடைவேளையில் பாப்கார்னை மாப்பிள்ளை நீட்ட, மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படம் முடிந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போகிறார்கள்! படம் நல்ல படம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்து என் வீட்டுக்காரி அழுதாள், சிரித்தாள். சசிகுமாரும் சிம்ரனும் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரியே இருந்தார்கள். குறையென்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

'மெய்யழகன்' மட்டும் வேறு. 1996-ல் சொந்த வீட்டைப் பறிகொடுத்துத் தஞ்சாவூரை விட்டுப் போனவன், பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். ஒட்டிக்கொண்டு பாசம் காட்டுகிறவனின் பெயர் அவனுக்குக் கடைசி வரை ஞாபகம் வரவில்லை. படம் நீளம் என்று சொல்லி வெளியான பிறகு பதினெட்டு நிமிடம் வெட்டினார்களாம். எனக்கு அதில் சம்மதமே இல்லை. இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுகிற படத்தில் பேச்சை வெட்டலாமா? நம் ஊர்க் கல்யாணங்களில் இது நடக்காத பந்தி உண்டா, சொல். போன வாரம்கூட என் மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், "என்னைத் தெரியுதா?" என்றார். மைத்துனர் "தெரியாம என்ன" என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் பெரியவர், "சரி, நீங்க யாரு?" என்று கேட்டாரே பார்க்கணும்! பக்கத்து இலைக்காரருக்குப் பாயசம் புரையேறிவிட்டது.

அந்தப் படத்தில் அரவிந்த் சாமி பழைய வீட்டை நினைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் உன் ஞாபகம்தான் வந்தது. மறுநாளே உன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஆச்சி தன் ஒட்டடைக் கம்பைக் கொடுத்துவிட்டார். பட்டாலை, ஆல்வீடு என்று இரண்டு பகுதியும் ஒட்டடை அடித்தாயிற்று. முற்றத்துத் தகரக் குழாயில் பெரிய ஓட்டை, ஆள் சொல்லியிருக்கிறேன். உன் அறை ஜன்னலில் நீ பென்சிலால் எழுதிய ஸ்கோர் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைத் துடைக்கவில்லை.

ஆடிக்கு முன்னால் எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது.

உன் அன்பு நண்பன்