மூட்டையில் எடை குறையவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பர்மாவில் நம் பெகுவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு மாதமாக ஒரு பேச்சு ஓடுகிறது. நம் கடைக் கோழிக்குஞ்சுத் தீவன மூட்டையில் எடை குறைகிறதாம். பன்னிரண்டு நாள் வந்த மூட்டை ஒன்பது நாளில் காலியாகிவிடுகிறதாம். கோயிலில் வைத்து இரண்டு பேர் என்னிடமே நேரில் கேட்டார்கள். அவர்களுக்கு நன்றி. நேரில் கேட்கத் தயங்கியவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எடை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டை ஆலையில் போட்ட தையலோடுதான் கடைக்கு வருகிறது. அந்த நூலை நாங்கள் தொடுவதில்லை. சில்லறைக்குப் பிரிக்கும் மூட்டை வேறு, அது தராசுக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. மூட்டையில் எழுதியிருப்பது 50 கிலோ. வீட்டில் நாம் நிறுப்பது பர்மா எடையான விசையில். விசைக்கு 1.6 கிலோ என்று வாய்க்கணக்குப் போட்டால் 31 விசையும் காலும் வர வேண்டும். ஆனால் ஒரு விசை 1.633 கிலோ. அப்படிப் பார்த்தால் 30 விசை, அதற்கு மேல் அரையும் கொஞ்சமும், அவ்வளவுதான். இடையில் வருகிற அந்த அரை விசைச் சொச்சத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்கிறார்கள். என் அப்பா உட்கார்ந்த அதே இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கடை திறந்ததும் படிக்கல்லைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் அவர் அடுத்த வேலையைப் பார்ப்பார். இந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இனி எந்த மூட்டையையும் வண்டியில் ஏற்றும் முன் "நிறுத்துக் காட்டு" என்று சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் நிறுக்கிறோம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

ஆனால் தீவனம் சீக்கிரம் தீர்கிறது என்பது உண்மை. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு நானே போனேன். இருநூறு குஞ்சு, மூன்று வார வயது. தீவனத் தொட்டி விளிம்பு வரை நிறைந்து தரையிலேயே கிடந்தது. குஞ்சுகள் அதில் ஏறி நின்று சீய்த்துக்கொண்டிருந்தன. தொட்டியைச் சுற்றித் தரையில் விரித்திருந்த உமியை முறத்தில் அள்ளிப் புடைத்தேன். உமி பறந்தது, தீவனம் முறத்தில் நின்றது. நான்கு தொட்டியடியிலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு விசை. அந்த அக்காவுக்கு முகமே வாடிவிட்டது. தப்பு அவருடையது இல்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதில் எங்கள் பங்கு இருக்கிறது. முன்பெல்லாம் குஞ்சு வாங்கியவர்கள் வீட்டுக்கு நம் கடைத் தம்பி போய், கயிறு கட்டித் தொட்டியைத் தூக்கிவிட்டு, அளவு காட்டிவிட்டு வருவார். அவர் தாய்லாந்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஏன் போனார் என்று எழுத வேண்டியதில்லை, இருபத்து மூன்று வயது என்றால் உங்களுக்கே புரியும். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு குஞ்சு எடுத்தவர்களிடமிருந்துதான் இந்தப் புகார் அதிகம் வருகிறது. அவர் சொல்லித்தந்ததை நான் இங்கே எழுதுகிறேன்.

முக்கியமானது தொட்டியை நிரப்பும் அளவு. கோழி வளர்ப்பில் வெகுகாலமாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: தொட்டி நிறையப் போட்டால் 30 சதவீதம் வரை சிந்தும், முக்காலுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டால் 10, பாதி என்றால் 3, மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டால் ஏறக்குறைய 1 சதவீதம். உங்கள் வீட்டில் இதே எண்கள் வராமல் போகலாம், ஆனால் போக்கு இதுதான். ஆகவே கொஞ்சமாகப் போடுங்கள், நாளைக்கு நான்கைந்து தடவை போடுங்கள். காலையில் ஒரே தடவை நிரப்பிவிட்டு வயலுக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் விடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

அடுத்தது உயரம். குஞ்சு நிமிர்ந்து நிற்கும்போது அதன் முதுகு எங்கே இருக்கிறதோ, தொட்டியின் விளிம்பும் அங்கே இருக்க வேண்டும். குஞ்சு வளர வளரக் கயிற்றை ஏற்றுங்கள், மூன்று நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். மூங்கிலைப் பிளந்து தொட்டி செய்தவர்கள் நீளவாக்கில் மேலே ஒரு கம்பியோ சுழலும் குச்சியோ வையுங்கள். ஏறினால் உருளும், குஞ்சு நிற்காது. இடமும் போதுமானதாக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்குக் குஞ்சு ஒன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வேண்டும். நான்கு அடித் தொட்டியில் இரண்டு பக்கமும் நின்று தின்றால் கிட்டத்தட்ட நூறு குஞ்சுக்குச் சரி. இடம் போதாவிட்டால் நெருக்கியடித்துத் தட்டிவிடும். முதல் மூன்று நான்கு நாள் மட்டும் காகிதத்திலோ தட்டிலோ மெல்லிசாகத் தூவலாம், அப்புறம் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

குளிரும் தீவனத்தைத் தின்னும் என்று தம்பி அடிக்கடி சொல்வார். உடம்பில் சூடு இல்லாத குஞ்சு, தின்றதை வளர்ச்சிக்குப் போடாமல் சூட்டுக்கே செலவழிக்கும். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வேண்டும், வாரம் ஒன்றுக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளைப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்று குவிந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். கரண்ட் இல்லாத இரவில் கரிச்சட்டி வைப்பவர்கள் காற்று போக வழி விடுங்கள், கரிப்புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

சிந்தியதைப் புடைத்துத் திரும்பப் போடலாமா என்று அந்த அக்கா கேட்டார். வேண்டாம். எச்சம் கலந்த தீவனத்தால் இரத்தக்கழிச்சல் பரவும். மழை பிடித்துவிட்டால் ஐப்பசி வரை நம் பக்கம் எதுவுமே காயாது. சோளமும் கடலைப் புண்ணாக்கும் நனைந்தால் பூசணம் பிடிக்கும், அந்த விஷம் குஞ்சுக்கு ஆகாது. மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள். எலியையும் கவனியுங்கள், அது தின்பதைவிடக் கெடுப்பது அதிகம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் தீவன விலை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் நம் பணத்தில் ஏறக்குறைய 1330 கியாட். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி வைத்த கணக்கே 2100. வெளிச்சந்தையில் டாலர் என்ன விலை என்று நீங்கள் அறிவீர்கள். சோயாப் புண்ணாக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது, நம் நாட்டு ஷான் மலைச் சோளத்துக்குத் தாய்லாந்திலும் கேட்பு இருக்கிறது. அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் புது விலை, கடன் கிடையாது, விவரம் கடைப் பலகையில் இருக்கிறது.

இத்தனை கஷ்டத்திலும் வேறு கடைக்குப் போகாமல் நம்மிடமே வருகிறவர்களை நான் மறக்க மாட்டேன். போன மழைக்காலத்தில் கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது கூப்பிடாமலே வந்து மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றித் தந்தவர்கள் நீங்கள். உங்களிடம் அரை விசையை எடுத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையில் இருப்பேன். உங்கள் தொட்டியை எடுத்து வாருங்கள், கம்பியும் கயிறும் நான் தருகிறேன், காசு வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்கள் சொல்லி அனுப்பினால் நானே வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தீவனக் கடைக்காரர், பெகு